பதினேழு வளைவும் பாதிக்குப் பாதி ஸ்பிரிட்டும்

பட்டறைத் தொழிலில் கையில் பட்ட காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். வாயால் வாங்கிய காயம்தான் ஆறாது. வீம்புக்கு ஒரு வண்டியைப் பொறுப்பெடுத்துவிட்டு, பிறகு சோறு இறங்காமல் அந்த வண்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் போடியில் பட்டறை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள்தான் என் பிழைப்பு. எல்லாம் டீசல். ஸ்பானர், சுத்தியல், என் மூக்கு, இந்த மூன்றும்தான் கருவி. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு டர்போ காரில் கை வைத்தேன். அதன் கதை இது.

மச்சினன் வேண்டாம் என்ற கார்

தங்கப்பாண்டி என் வீட்டுக்காரியின் தம்பி. ஒரு காலத்தில் நானும் அவனும் கூட்டாகப் பட்டறை நடத்தினோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் தனியாகப் போனான். போகிற அன்றைக்கு ஆறு டிரைவர்கள் நிற்கும்போது, "மச்சான் மூக்கை வச்சு வண்டி பாப்பாரு, நான் மிஷினை வச்சுப் பாக்கப்போறேன்" என்றான். அந்த ஆறு பேரும் எந்த வரிசையில் நின்றார்கள் என்று கேட்டால்கூட இன்றைக்குச் சொல்வேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். ரசம் வேண்டுமென்றால்கூட என் வீட்டுக்காரி வழியாகத்தான் கேட்போம்.

போன ஐப்பசியில் சரவணன் என்ற ஏலக்காய் யாவாரி ஒரு சிவப்புக் காரில் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூரில் கொடுத்து டர்போவைப் பெரிதாக மாற்றியிருந்தார். டர்போ என்பது, புகை வெளியே போகிற வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற ஒரு காத்தாடி. அமுக்க அமுக்க வேகம்; அமுக்க அமுக்கச் சூடு. வெறும் பெட்ரோலில் போடிமெட்டு மலை ஏறினால் மூன்றாவது வளைவிலேயே இன்ஜின் 'டக்கு டக்கு' என்று கொட்டு அடிக்கிறது. பாதி பெட்ரோல், பாதி எத்தனால் ஊற்றினால் உள்ளே குளிர்ந்து சுகமாக ஏறும் என்று கோயம்புத்தூரில் சொல்லி, கலவைக்கு ஒரு அளவு, பெட்ரோலுக்கு ஒரு அளவு எண்ணெய் பாயும்படி மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். தை மாதம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கிற பூப்பாறையில் அவருக்கு நிச்சயதார்த்தம். இந்தக் காரை அவரே ஓட்டி, பதினேழு வளைவும் ஏறிப் பெண் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும். அதுதான் ஆசை. இடையில் கோயம்புத்தூருக்கு அலைய முடியாது. இங்கேயே ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தங்கப்பாண்டி அண்ணன்கிட்ட கேட்டேன். இந்த மலைக்கு இந்த எண்ணெய் சரிப்படாது, நான் பொறுப்பெடுக்க மாட்டேன்னுட்டாரு" என்றார். அவ்வளவுதான். எத்தனால் என்பது ஒரு ஸ்பிரிட் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தங்கப்பாண்டி முடியாது என்று சொன்னது தெரிந்துவிட்டது. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இந்தக் கார் ஸ்பிரிட்டுல பூப்பாறை போய்ச் சேரலைன்னா, நான் பட்டறை போர்டைக் கழட்டிடுறேன்." சரவணன் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டத்து ஜீப்பு ஓட்டுகிற வேலுச்சாமி கிளாசை வைத்துவிட்டு என் போர்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, கழட்டும்போது சொல்லுங்க. அந்தத் தகரம் எங்க ஆட்டுக் கொட்டத்துக்கு அளவா இருக்கும்."

உள்ளங்கைப் பரிசோதனை

பெட்ரோலில் கலப்படம் உண்டா என்று பார்க்க எனக்கு மிஷின் வேண்டாம். பெட்ரோல் ஜீப்பு ஓடிய காலத்திலேயே கற்ற வித்தை. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டால் போதும். நல்ல பெட்ரோல் உடனே பறந்துவிடும், கறை நிற்காது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுக்கு நிற்கும். கலவை தயார் பண்ணும் முதல் நாளே, ஸ்பிரிட்டைத் தொடுவதற்கு முன்னால், பெட்ரோல் பங்கில் வாங்கியதைக் கையில் விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்சம் நின்று காய்ந்தது. மூக்கில் வைத்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சில் தடவுவார்களே, அந்த வாடை லேசாக அடித்தது.

கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்கே போனேன். வண்டிகள் வரிசையில் நிற்க, "ஊரை ஏமாத்துறியா? நாப்பது வருசமா பெட்ரோல் மோந்தவன்யா நான்!" என்று சத்தம் போட்டேன். இரண்டு பேர் எனக்காகக் கையைக்கூட மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, பம்பில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்தது என்று தமிழிலேயே போட்டிருந்தது. எத்தனை நாளாக ஒட்டியிருக்கிறதோ, ஓரம் மஞ்சளடித்துப் போயிருந்தது. நாட்டில் ஓடுகிற வண்டியெல்லாம் ஸ்பிரிட் குடிக்க ஆரம்பித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. டீசலுக்குள்ளேயே கிடந்த எனக்குத்தான் தெரியவில்லை. அதாவது, நான் பாதிக்குப் பாதி என்று கலக்கப்போவதில் ஏற்கெனவே ஒரு பங்கு கலந்தே வருகிறது.

மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "உங்க மூக்கு சரிதாண்ணே. ஆனா சண்டை போடணும்னா நீங்க டெல்லிக்குத்தான் பஸ்சு ஏறணும்."

சாமியே சரணம்

கார்த்திகையில் நான் மாலை போடுவேன். இருபத்திரண்டு வருஷமாக விட்டதில்லை. சரவணன் வெளியூரிலிருந்து ஸ்பிரிட்டைப் பெரிய கேனில் கொண்டுவந்து இறக்குவார். அதைச் சின்னக் கேனுக்கு மாற்ற வேண்டும். டீசலுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். ஓஸை உள்ளே விட்டு, வாயை வைத்து ஒரே உறிஞ்சு. டீசல் கனமானது, தயங்கித் தயங்கி வரும். இது தயங்கவில்லை. ஒரு வாய் முழுக்க வந்துவிட்டது. துப்பினேன். நாக்கு, உதடு எல்லாம் தீயாக எரிந்தது. பத்துத் தடவை வாய் கொப்பளித்தேன். இனி இந்தச் சோலிக்குப் பம்புதான் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

சாயங்காலம் குளித்துவிட்டுத் திருநீறு பூசிப் பஜனைக்குப் போனேன். வேட்டி மாற்றியிருந்தேன், வாயை மாற்ற முடியுமா? நான் சரணம் சொல்லச் சொல்ல என் இரண்டு பக்கமும் இடம் காலியாகிக்கொண்டே போனது. கன்னிச்சாமி ஒருவர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் எழுந்து, கார், டர்போ, எத்தனால் என்று விளக்கம் கொடுத்தேன். குடித்தவன்தான் இவ்வளவு நீளமாக விளக்கம் கொடுப்பான் என்பது எனக்கே பாதியில் தெரிந்தது. குருசாமி ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"நம்புறேன் சாமி, நம்புறேன். ஆனா வாயைத் திறக்காம மனசுக்குள்ளயே சரணம் சொல்லுங்க, கற்பூரம் பத்தவைக்கணும்."

ஓஸ்

பட்டறையில் எலி உண்டு. அது காரின் பெட்ரோல் ஓஸைக் கடித்துவிட்டது. கோயம்புத்தூர்காரர்கள் ஏதோ விசேஷ ஓஸ் போட்டிருந்தார்கள். அதைத் தேடி வாங்க வேண்டும் என்று சரவணன் சொன்னார். "என்ன பெரிய ஓஸு" என்று, சுவரில் ஆணியில் தொங்கிய ஜீப்பு ஓஸில் ஒரு முழம் வெட்டி மாட்டிவிட்டேன். ஜீப்பில் அந்த ஓஸ் இருபது வருஷம் கிடக்கும்.

காரில் பதினைந்து நாள் கிடந்தது. ஒரு காலையில் பானெட்டைத் தூக்கினால், ஓஸ் ஊறி, உப்பி, விரலால் அழுத்தினால் அல்வாவாக உள்ளே போகிறது. போதாததற்கு டேங்கின் அடியில் அதுவரை நிம்மதியாகப் படுத்திருந்த அழுக்கையெல்லாம் ஸ்பிரிட் கழுவிக் கொண்டுவந்து பில்டரை அடைத்திருந்தது. ஓஸ் பிளந்து சூடான இன்ஜின் மேலே கொட்டியிருந்தால் காரும் இல்லை, பட்டறையும் இல்லை, இதை எழுத நானும் இல்லை. அதைக் கழற்றிக் கீழே போட்டேன். வேலுச்சாமி காலால் புரட்டிப் பார்த்தான்.

"பாவம்ணே, இது ஜீப்புலயே பொறந்து வளந்த ஓஸு. பழக்கமில்லாம இவ்வளவு குடிச்சா என்ன ஆகும்?"

வளைவெல்லாம் ஏறி வாசலில் மாட்டியது

விசேஷ ஓஸ் வந்தது. மார்கழியில் நானும் சரவணனும் ஒரு வெள்ளோட்டம் போனோம். கார் ஏறிய ஏற்றத்தைச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவில் மிதித்தார். காத்தாடி விசில் அடித்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பதினேழு வளைவிலும் ஒரு கொட்டுச் சத்தம் இல்லை. தங்கப்பாண்டியின் முகத்தை நினைத்துக்கொண்டே வந்ததில் குளிர்கூடத் தெரியவில்லை.

மேலே கேரளா செக்போஸ்டில் நிறுத்தினார்கள். கண்ணாடியை இறக்கியதும் சாராயக் கடை கதவைத் திறந்த மாதிரி வாடை. பின்சீட்டில் நான் அவசரத்துக்கு வைத்திருந்த ஐந்து லிட்டர் கேன். நான் மாலை போட்ட தாடியோடு பக்கத்தில். எக்சைஸ்காரர் முதலில் சரவணனை ஊதச் சொன்னார், பிறகு என்னை. இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. மறுபடி குனிந்து மோந்தார். கடைசியில் சைலன்சர் பக்கம் போய் உட்கார்ந்து மோந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். கேனோடு உள்ளே விட முடியாது, திரும்பிப் போங்கள் என்றார். நாங்கள் காரைத் திருப்பும்போது கூட நின்றவரிடம் மலையாளம் கலந்து சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"ஓட்டுறவரும் குடிச்சிட்டில்லா, கூட வந்த சாமியும் குடிச்சிட்டில்லா. குடிச்சது வண்டி. வண்டி மேல கேஸ் எடுக்கான் எனக்கு அறியில்ல."

ஈரச் சாக்கு

நிச்சயதார்த்தத்துக்கென்று சரவணன் ஒரு கேன் ஸ்பிரிட் தனியாகக் கொடுத்து வைத்தார். "அண்ணே, இது பறந்துபோற சாமான். பாத்து வைங்க" என்றார். இப்படிப்பட்ட சாமானை எப்படி வைப்பது என்று நான் ரொம்ப யோசித்தேன். அதுதான் தப்பு.

எங்கள் பக்கத்து ஜீப்புக்காரர்களிடம் மூடி இருக்கிற கேனைப் பார்ப்பது அபூர்வம். மூடி முதல் வாரமே தொலைந்துவிடும். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வாயில் திணித்துவிடுவோம். டீசலுக்கு அது போதும். இந்தக் கேன் மூடியையும் நான் தொலைத்திருந்தேன். துணியைத் திணித்தேன். அப்புறம், வெயிலில் ஆவியாகிவிடக் கூடாதே என்று, வெற்றிலைக் கட்டுக்குப் போடுவதுபோல் ஈரச் சாக்கைக் கேனின் தலையோடு சேர்த்துச் சுற்றினேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு மேல், ஒரு வேளை தவறவில்லை. சபரிமலைக்குப் போயிருந்த இரண்டு நாள் வேலுச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

தை பிறந்ததும் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக் குறையவில்லை. போட்டு வைத்த கோட்டுக்கு மேலே இரண்டு விரல் கூடவே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் கூடியது என்று ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். நான் நினைக்கவில்லை. வேலுச்சாமிதான் நினைத்தான், அவன் நினைத்ததும் இதுதான்:

"கைராசிண்ணே! உங்ககிட்ட எது கொடுத்தாலும் ஊறுது."

பதிமூன்றாவது வளைவு

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் கலவையை ஊற்றி, சமவெளியிலேயே சிலமலை வரை ஓட்டிப் பார்த்தேன். சுகமாக ஓடியது. காலை ஏழரைக்குச் சரவணன் ஓட்ட, அவர் அம்மா தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, கார் முன்னால் போனது. பின்னால் சொந்தக்காரர்களோடு மூன்று ஜீப்பு. நான் வேலுச்சாமி ஜீப்பில். பத்தரை மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். அதற்கப்புறம் நேரம் சரியில்லை.

பத்தாவது வளைவில் பனி இறங்கியது. பதிமூன்றாவதில் கார் இரண்டு தடவை இருமி நின்றது. பானெட்டைத் தூக்கினேன். மோந்தேன், தட்டினேன், ஊதினேன். ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றியது. மணி எட்டேகால். சரவணனின் அம்மா கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பு மாற்றிப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி பாதியில நின்னா, பொண்ணு வீட்ல என்ன நெனைப்பாங்க" என்று இன்னொருவர். நான் சரவணனின் முகத்தைப் பார்க்காமல் கார்புரேட்டர் இல்லாத இன்ஜினில் கார்புரேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலுச்சாமி என்னைக் கேட்காமலே போனைப் போட்டு என் காதில் வைத்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு தங்கப்பாண்டியிடம் நான் பேசிய முதல் வார்த்தை "மாப்ளே". இரண்டாவது வார்த்தை வரவில்லை. "எந்த வளைவு மச்சான்?" என்றான். சொன்னேன். வைத்துவிட்டான்.

ஒன்பதுக்கு வந்தான். டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. கீழே இருந்தது ஸ்பிரிட்டும் தண்ணீரும். ஸ்பிரிட் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமாம். மலையடிவார வெயிலில் பெட்ரோல், ஸ்பிரிட், தண்ணீர் மூன்றும் ஒன்றாகக் கலந்தே இருக்கும். மலைக்குளிர் பட்டதும் தண்ணீர் ஸ்பிரிட்டை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பம்பு உறிஞ்சுவது அடியில்தான். இதை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, "கேனை எப்படி வச்சிருந்தீங்க?" என்றான். துணி, சாக்கு, சொம்பு எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்தான். ஆறு பேர் இல்லை. இப்போது முப்பது பேர் சுற்றி நின்றார்கள். அவன் வாயைத் திறந்தால் போதும். சரவணனின் அம்மா இறங்கி வந்து, "யாரு மேலப்பா தப்பு? நேராச் சொல்லு" என்றார்.

தங்கப்பாண்டி பாட்டிலைச் சரிவில் கவிழ்த்துவிட்டு, கொண்டுவந்த பெட்ரோல் கேனை எடுத்தான்.

"யாரு மேலயும் இல்லத்தா. இந்தப் பனி அப்படி. டேங்கைக் காலி பண்ணி பெட்ரோல் ஊத்துறேன், டர்போவை மிதிக்காம மெல்லப் போகச் சொல்லுங்க, பத்தேகாலுக்கு வாசல்ல நிப்பீங்க."

ஏணி

நின்றார்கள். தட்டு மாற்றினார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுநாள் சரவணன் வந்து, பனியில் நான் பட்ட பாட்டுக்கு நன்றி என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பனி இல்லை, நான்தான் என்று சாக்கையும் சொம்பையும் காட்டிவிட்டேன். அவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

வாக்கு வாக்குதான். கார் பூப்பாறை போனது; ஸ்பிரிட்டில் போகவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, போர்டின் ஒரு பக்கக் கம்பியை அறுத்தேன். டீக்கடையே வெளியே வந்து நின்றது. வேலுச்சாமிகூட ஆட்டுக் கொட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏணியை யாரோ கீழே அழுத்திப் பிடிப்பது தெரிந்து குனிந்தேன். தங்கப்பாண்டி. மறுகையில் கம்பிக் கட்டு வைத்திருந்தான். அதை என்னிடம் நீட்டினான்.

"கட்டுங்க மச்சான். உங்ககிட்ட வந்து நொந்த பிறகுதான பாதிப் பேரு என்கிட்ட வர்றான். நீங்க கடையை மூடிட்டா என் பொழைப்பு என்னாவுறது?"

கட்டிவிட்டு இறங்கினேன். ஒருத்தனை எட்டு வருஷம் வெறுத்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அவன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் வெறுப்புக்குப் புதுக் காரணம் தேடுகிற சோலி இருக்கிறதே, இந்த வயதில் இன்ஜினை இறக்கி ஏற்றுவதைவிட அது பெரிய சோலி.